பத்து எண்ணிய பிறகு

காலை 6.02.

நான்காம் நம்பர் பிரஸ்ஸின் கம்பி வேலிக்குள் சிவராஜ் மாட்டிக்கொண்டிருந்தான். கையில் விளக்குமாறு இருந்தது. தகடு தூக்கிப் போடும் இரும்புக் கை அவன் நெஞ்சை பிரஸ்ஸின் தூணோடு சேர்த்து அழுத்தியிருந்தது. அந்தக் கையை எல்லோரும் ஆர்ம் என்றுதான் சொல்வார்கள். வேலிக்கு வெளியே நின்ற சரிதா சிவப்பு பட்டனை அடித்தாள். ஆர்ம் நின்றது. நின்று பிரயோசனம் இல்லை.

ஓசூர், மூக்கண்டப்பள்ளிக்கு அந்தப் பக்கம், கார் கதவுக்குத் தகடு அடிக்கும் கம்பெனி. மூன்று ஷிப்ட். சிவராஜுக்கு வயது இருபத்தெட்டு, ஊர் நாட்றாம்பாளையம். இரவு ஷிப்டை முடித்து, முதல் ஷிப்டுக்கு வந்த சரிதாவிடம் மிஷினை ஒப்படைக்கும் நேரத்தில் செத்தான்.

6.14-க்கு கம்பெனி வேன் கிளம்பியது. இரவு ஷிப்ட் எலக்ட்ரீஷியன் கரீம், சிவராஜின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனார். 6.40-க்கு ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

7.10-க்கு கம்பெனியின் உற்பத்தி மேனேஜர் திம்மராயன், ஆட்களைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு நான்காம் பிரஸ்ஸின் மின்சாரப் பேனலைத் திறந்தார். உள்ளே ஒரு துண்டுச் சிவப்பு ஒயர். ஏழு அங்குலம்.

8.30-க்கு கரீம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுவரப்பட்டார். சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது.

*

காலை 9.15.

சப்-இன்ஸ்பெக்டர் வினோதா புகாரை இரண்டு முறை படித்தாள். திம்மராயன் கையெழுத்துப் போட்டிருந்தார். விஷயம் இதுதான். வேலியின் கேட்டைத் திறந்தால் ஆர்ம் நிற்க வேண்டும். அதற்காகக் கேட்டில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அந்த ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் பேனலுக்குள் ஒரு ஒயரால் இணைத்துவிட்டால், கேட் எப்போதும் மூடியே இருப்பதாக மிஷின் நம்பிக்கொள்ளும். எலக்ட்ரீஷியன் கரீம் இரண்டு மாதமாக அப்படி இணைத்து வைத்திருந்தார். ஆபத்து என்று தெரிந்தே செய்தார். சிவராஜ் செத்தான்.

தெரிந்தே என்ற சொல் இருப்பதால் ஜாமீன் கிடைக்காது. மாலை நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் போனில் சொல்லிவிட்டார்.

சிவராஜின் அப்பா வாக்குமூலம் கொடுத்துவிட்டு அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வாசல் பெஞ்சில் கரீமின் மனைவி முனவர் பேகம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிக்கடைப் பை. பைக்குள் துவைத்த சட்டை.

"சட்டைய மட்டும் மாத்திக்கட்டும்னு கேக்குது மேடம்," என்றாள் ஏட்டு சென்னம்மா. "அது சாட்சிக்கு வேணும், அப்பறம் பாக்கலாம்னு சொல்லிட்டன். எந்திரிக்க மாட்டேங்குது."

வினோதா உள்ளே போனாள்.

"ஒயர் யாருது, பாய்?"

"ஸ்டோர்ல இருக்கற ஒயரு மேடம். ஆரு வேணா எடுக்கலாம்."

"பேனல் சாவி?"

"எங்கிட்ட ஒண்ணு. ஆபீஸ்ல ஒண்ணு."

"கேட்டு தொறந்தாலும் லைன் நிக்கக் கூடாதுன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

கரீம் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். "கேட்டாங்க. ரெண்டு மாசம் முன்னாடி, ஆபீஸ்ல கூப்ட்டு. உள்ளாற விழற துண்டுத் தகட்டை எடுக்க ஷிப்டுக்கு இருவது தடவ கேட்ட தொறக்கறாங்க. தொறக்கறப்பல்லாம் லைன் நிக்குது. திரும்ப ஓட வைக்க நாலு நிமிஷம் ஆவுது. கொஞ்சம் நேரம் தொறந்தா நிக்காத மாதிரி பண்ணுன்னாங்க. கேட்டு மேல கை வெக்க மாட்டன்னு சொன்னேன்."

"அப்பறம்?"

"மறுநாளே லேப்டாப்ப வாங்கிக்கினாங்க. லேடர் ஏத்தற லேப்டாப்பு. இப்ப நானு பல்பு மாத்தறன், மோட்டாருக்கு பேரிங் மாத்தறன். அவ்வளவுதான்."

லேடர் என்பது மிஷினுக்குள் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு எழுதும் மொழி. அதில் வாக்கியம் கிடையாது. இரண்டு நெடுங்கோட்டுக்கு நடுவே ஏணிப்படி மாதிரி வரிசை வரிசையாக ஸ்விட்ச், விளக்கு, மோட்டார் என்று வரைந்த படம். ஒயரிங் படம் படித்துப் பழகியவர் அதையும் படித்துவிடுவார். வினோதாவுக்கு இது தெரியும். பர்கூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் இரண்டு வருஷம் ஒரு பேனல் பட்டறையில் ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறாள். அவள் அப்பா கல் குவாரியில் வேலை செய்தவர். வலது கையில் மூன்று விரல்தான் மிச்சம். அந்த விபத்தையும் குவாரிக்காரர்கள் கவனக்குறைவு என்றுதான் எழுதினார்கள்.

"லேப்டாப் இப்ப யார்கிட்ட?"

"ஆபீஸ் பீரோவுல. சாவி மேனேஜர் இடுப்புல."

*

காலை 10.20.

கம்பெனியில் மற்ற பிரஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான்காம் நம்பர் மட்டும் நின்றிருந்தது. போட்டோ எடுத்து, ரேகை எடுத்து, தரையைக் கழுவவும் கழுவியிருந்தார்கள். வேலிக்குள் மட்டும் துண்டுத் தகடுகள் அப்படியே கிடந்தன.

சரிதா கேன்டீன் சுவரில் சாய்ந்து நின்றாள். டீ ஆறிப்போயிருந்தது.

"அவன் எதுக்கும்மா உள்ள போனான்?"

"கூட்டறதுக்கு மேடம். போற ஷிப்டு வர ஷிப்டுக்கு மிஷின சுத்தமா குடுக்கணும். இங்க எல்லாரும் அப்படித்தான். குப்பையோட குடுத்தா கேவலமா பேசுவாங்க. சிவராஜ் அண்ணன் ஒரு நாளும் குப்பையோட குடுத்ததில்ல."

"கேட்ட யார் தொறந்தது?"

"அவுருதான். நானு வெளிய ரிஜிஸ்டர் வெச்சிக்கினு நின்னுக்கினு இருந்தன். தொறந்தாரு, மேல லைட்டு மஞ்சளாச்சு. நின்னு பத்து எண்ணுனாரு. ஆர்ம் ஓரமா நின்னுச்சு. சரின்னு உள்ள போனாரு. ரெண்டு தடவ கூட்டியிருப்பாரு. திடீர்னு வந்துச்சு."

"அப்ப லைட்டு?"

"மஞ்சள்தான். நானு அதத்தான் பாத்துக்கினு இருந்தன்."

"பத்து எதுக்கு எண்ணணும்?"

சரிதா அவளை விநோதமாகப் பார்த்தாள். "எண்ணாம எப்பிடி மேடம் போறது? மின்ன கேட்ட தொறந்த உடனே நிக்கும். இப்ப ரெண்டு மாசமா அப்பிடி இல்ல. பத்து எண்ணுனாதான் நிக்கும். எல்லாருக்கும் தெரியும்."

"மேனேஜருக்கு?"

"அவுரு எங்க வராரு பிரஸ்கிட்ட?"

சரிதா வைத்திருந்த ரிஜிஸ்டரை வினோதா வாங்கிப் பார்த்தாள். கடைசி வரி: காலை 6.20, டை கவுண்ட் 38,416, சரிதா. டை என்பது தகட்டை அடிக்கும் அச்சு. எத்தனை அடி அடித்தது என்று மிஷினே எண்ணி வைத்திருக்கும். ஐம்பதாயிரம் ஆனால் அச்சைக் கழற்றிச் சாணை பிடிக்க வேண்டும்.

"ஆள் செத்துக் கெடக்கறப்ப கூடவா கவுண்ட் எழுதுனே?" என்றாள் சென்னம்மா.

"சூப்பர்வைசர் எழுதச் சொன்னாரு. எழுதலைன்னா ஷிப்டு மாத்துனதாவே ஆவாதாம். ஸ்கிரீன பாத்துதான் எழுதுனன்." சரிதா அப்போதுதான் அழுதாள்.

வினோதா நடந்துபோய் நான்காம் பிரஸ்ஸின் சின்னத் திரையைப் பார்த்தாள். டை கவுண்ட்: 0.

"கரன்ட் போயி வந்ததா?"

"கரன்ட்டு தினமும் போவுது மேடம். கவுண்ட் ஒருநாளும் போனதில்ல. அது போனா அச்சு ரூம்காரங்க சண்டைக்கு வருவாங்க."

*

காலை 11.05.

திம்மராயனுக்கு ஐம்பது வயதிருக்கும். கட்டுமஸ்தான ஆள். இடுப்பில் சாவிக்கொத்து. அவர் அறைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட ஒயர்மேன் லைசென்ஸ் தொங்கியது. அதில் மீசை முளைக்காத திம்மராயன் இருந்தார்.

"டெஸ்டர் புடிச்சி வந்தவன் மேடம் நானு. ஐ.டி.ஐ. இந்தக் கம்பெனில மொதல் பிரஸ்ஸுக்கு நாந்தான் ஒயர் இழுத்தேன். அதனாலதான் அந்த ஒயர பாத்த உடனே புரிஞ்சிபோச்சு."

"கரீம் ஏன் போடணும்?"

"லைன் நிக்காம இருந்தா பிரஸ் ஆளுங்களுக்கு நல்ல பேரு. ஆளுங்க கெஞ்சியிருப்பாங்க, பாய் எரக்கப்பட்டு போட்டிருப்பாரு. நல்ல மனுசன்தான். என்ன பண்றது."

"ஓட்டிக் காட்டுங்க."

"இப்பவா?"

"உள்ள யாரும் இல்லாமதான்."

திம்மராயனே பட்டனைப் போட்டார். ஆர்ம் காலியாகப் போய்வந்தது. பதினெட்டு வினாடிக்கு ஒரு முறை. நடுவில் ஓரமாக நின்று, அடுத்த தகட்டுக்குக் காத்திருந்தது. சென்னம்மா லத்தியால் கேட்டைத் தள்ளித் திறந்தாள். மேலே விளக்கு பச்சை. ஆர்ம் நிற்கவில்லை.

வினோதா மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேனலைத் திறந்தாள். உள்ளே எல்லா ஒயர் மேலும் எண்ணெய்ப் புழுதி பிசுபிசுத்துப் படிந்திருந்தது. ஒன்றைத் தொட்டாள், விரல் கறுத்தது. கையுறை போட்டு அந்தச் சிவப்புத் துண்டைக் கழற்றினாள். கையுறை வெள்ளையாகவே இருந்தது. துண்டைக் கவரில் போட்டு சென்னம்மாவிடம் கொடுத்தாள்.

"இப்ப ஓட்டுங்க."

ஆர்ம் ஓடியது. கேட் திறந்தது. விளக்கு மஞ்சள். ஆர்ம் அந்தக் கணமே நின்றது. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களா மேடம்," என்றார் திம்மராயன். "ஒயர் இருந்தா நிக்கல. எடுத்தா நிக்குது. கணக்கு முடிஞ்சிபோச்சு."

"ஆமா," என்றாள் வினோதா. நோட்டில் எதையோ எழுதினாள். "இந்த மிஷின் கூட கம்ப்யூட்டர் எதாச்சும் சேத்திருக்கீங்களா?"

"அது இன்ஜினியர் வேல. எனக்கு அதெல்லாம் தெரியாது. இங்கிலீஷ் டைப் அடிக்கவே எனக்கு ஒரு விரலு."

*

பகல் 1.25.

ஹரீஷ்குமார் கண்ணாடி அறையில் இருந்தான். வயது இருபத்தாறு. பெங்களூரில் இரண்டு வருஷம் சாப்ட்வேர், அப்புறம் இங்கே. காலை ஒன்பதரைக்குத்தான் வந்ததாகச் சொன்னான். வாசலில் வருகை பதியும் பஞ்சிங் மிஷினும் அதையே சொன்னது. இரண்டு மணி நேரமாக எம்.டி.யோடு போனில் இருந்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தான்.

"உங்க வேலை என்ன?"

"இண்டஸ்ட்ரி ஃபோர் பாயிண்ட் ஸீரோ மேடம்."

"மீதி மூணு எங்க போச்சு?" என்றாள் சென்னம்மா.

அவன் சிரிக்கவில்லை. "மிஷின்ல இருந்து டேட்டா எடுத்து கம்ப்யூட்டருக்குக் கொண்டு வரணும். ஷிப்ட் ரிப்போர்ட் ஆட்டோமேட்டிக்கா மெயில்ல போகணும்."

"எதுல எழுதியிருக்கீங்க?"

இதற்கு மட்டும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஒரே லாங்குவேஜ் தெரிஞ்சவன் எல்லாத்தையும் அதுலயே பண்ணுவான். நான் அப்படி இல்ல மேடம். வேலைய பாத்துத்தான் போட்டேன். எம்.டி. ரூம் டிவில ஓடற பேஜ் ஜாவாஸ்கிரிப்ட். பீஸ் கவுண்ட் எல்லாம் சேத்து வைக்கறதுக்கு எஸ்.க்யூ.எல். டேட்டாவ எடுத்து ரிப்போர்ட் போடறதுக்கு பைத்தான். ஈஸியா எழுதலாம், ஈஸியா மாத்தலாம்."

"லேடர்?"

"அது எலக்ட்ரீஷியன் சமாசாரம். படம் மாதிரி இருக்கும். எனக்கு வராது."

பேனல் கதவுப் பையில் இருந்து எடுத்துவந்த பழைய லேடர் தாளை வினோதா அவன் முன்னால் விரித்தாள். "இதுல கேட்டு எங்க இருக்கு?"

அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். ஒரு நிமிஷம் கழித்து விரலை வைத்தான். விரல் இருந்த இடத்தில் எண்ணெய் பம்ப் இருந்தது.

"சரி. இன்னொண்ணு சொல்லுங்க. ரெண்டு மாசமா ஆளுங்க கேட்ட தொறந்துட்டுப் பத்து எண்ணிட்டுத்தான் உள்ள போறாங்க. ஏன் பத்து?"

"பத்து இல்ல மேடம். எட்டு."

சொல்லிவிட்டு அவன் வாயை மூடிக்கொண்டான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான். சென்னம்மா அவன் முன்னால் தண்ணீர் பாட்டிலை வைத்தாள்.

"தொறங்க," என்றாள் வினோதா. கம்ப்யூட்டரைச் சொன்னாள்.

*

பகல் 2.00.

பைல் பெரியதில்லை. நூற்றிருபது வரி. சுத்தமாக எழுதியிருந்தான். அது வினாடிக்குப் பத்துத் தடவை மிஷினிடம் கேட்டது: கேட் திறந்திருக்கிறதா? எட்டு வினாடிக்குள் மூடினால் ஒன்றும் செய்யாது. எட்டைத் தாண்டினால் ஆர்மை நிறுத்தச் சொல்லும். மற்ற நேரமெல்லாம் ஓடலாம் என்ற அனுமதி மிஷினில் அப்படியே இருக்கும். துண்டுத் தகட்டை வெளியிலிருந்தே கொக்கிக் கம்பியால் இழுக்க எட்டு வினாடி போதும். லைன் நிற்காது.

"கேட்ட ஏன் இதுல வெச்சீங்க?"

"கேட்டாங்க. டெட்லைன் ரெண்டு நாள். எனக்குத் தெரிஞ்சது இதுதான்."

"வேலைய பாத்துப் போட்டேன்னு சொன்னீங்க."

ஹரீஷ்குமார் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

"மிஷின் உங்க பர்மிஷன கேக்கணும்னா லேடர மாத்தியிருக்கணும். யார் மாத்துனது?"

"லேடர்ல எனக்கு ஒரு பிட் வேணும், ஓடு, நில்லுன்னு நான் எழுத ஒரு இடம்னு கேட்டேன் மேடம். வந்துச்சு. இன்னைக்குக் காலைல பாத்தா லேடர் என் புரோகிராம கேக்கவே இல்ல. பழையபடி ஆயிருக்கு. யாருன்னு கேக்காதீங்க."

வினோதா கேட்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஓரத்தில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. கேட் மூடியது, கேட் மூடியது, கேட் மூடியது. கண்ணாடிக்கு வெளியே ஷிப்ட் மாறியது. மற்ற பிரஸ்களில், போகிற ஆட்கள் விளக்குமாறை எடுத்தார்கள். எடுத்தவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை.

2.02 ஆனது. ஓடிய வரிகள் நின்றன.

"என்ன ஆச்சு?"

"ரிப்போர்ட் போடுது மேடம். எல்லாரும் பஞ்ச் பண்ணி முடிக்கட்டும்னு ரெண்டு நிமிஷம் தள்ளி வெச்சேன். டேட்டாபேஸ்ல இருந்து எடுத்து, எக்செல் பண்ணி, மெயில் அனுப்பும்."

"அது வரைக்கும் கேட்ட யார் பாக்கறது?"

அவன் திரையைப் பார்த்தான். சென்னம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பது. நாற்பது. நாற்பத்தேழாவது வினாடியில் வரிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. கேட் மூடியது. கேட் மூடியது.

"யாரும் பாக்கல," என்றான்.

"டெஸ்ட் பண்ணீங்களா?"

"நூறு தடவைக்கு மேல மேடம். நானே கேட்ட தொறந்து பாத்தேன்."

"எத்தனை மணிக்கு?"

"பத்தரை, பதினொண்ணு. சாயந்திரம் நாலு."

"காலைல ஆறு மணிக்கு?"

"நான் ஜெனரல் ஷிப்ட் மேடம்."

"ரெண்டு மணிக்கு?"

"லஞ்ச்ல இருப்பேன்."

*

பகல் 2.40. திம்மராயனின் அறை.

வினோதா நின்றபடியே பேசினாள். ஹரீஷ்குமார் சுவரோரம் நின்றான். சென்னம்மா கதவருகே.

"நீங்க எனக்கு ரெண்டு விதமா ஓட்டிக் காட்டுனீங்க. ஒயர் இருந்தா பச்சை லைட்டு, ஆர்ம் ஓடுது. ஒயர் இல்லைன்னா மஞ்சள் லைட்டு, ஆர்ம் நிக்குது. சரிதா பாத்தது ரெண்டும் இல்ல. மஞ்சள் லைட்டு எரியறப்பவே ஆர்ம் வந்திருக்கு."

"பொம்பளப் புள்ள, பயந்துபோயி எதையோ..."

"மஞ்சள் எரிஞ்சா கேட்டு தொறந்திருக்குன்னு மிஷினுக்குத் தெரியும். ஒயர் இருந்தா அது தெரியவே தெரியாது. அப்ப காலைல ஆறு மணிக்கு அந்த ஒயர் அங்க இல்ல. ரெண்டு மாசமா இருந்ததா சொல்றீங்க. அதுல ஒரு தூசி கூட இல்ல. ரெண்டு மாசமா இருந்திருந்தா ஆளுங்க பத்து எண்ணியும் பிரயோசனம் இருந்திருக்காது. ஆர்ம் என்னைக்கும் நின்னே இருக்காது."

திம்மராயன் மேஜை மேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"நடந்தது இதுதான். கேட்டு வேலைய லேடர்ல இருந்து எடுத்து பைத்தான்ல வெச்சீங்க. ரிப்போர்ட் போடறதுக்கு பைத்தான் நல்ல மொழி. ஒரு நிமிஷம் தாமதமானா ஒண்ணும் ஆகாது, மெயில் லேட்டா போகும். மனுசன் உள்ள நிக்கறானான்னு பாக்கறது அந்த மாதிரி வேலை இல்ல. லேடர் அந்தச் சின்னப் பெட்டில வேற எந்த வேலையும் பாக்காம கேட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நீங்க அத ஆபீஸ் கம்ப்யூட்டர்ல, மெயில் அனுப்பற புரோகிராமுக்குள்ளயே கொண்டுபோய் வெச்சீங்க. ஷிப்ட் முடிஞ்சு ரெண்டாவது நிமிஷம் அது மெயில் அனுப்பப் போகும். அதே நிமிஷம்தான் இங்க ஆளுங்க கூட்டறதுக்கு உள்ள போவாங்க. சிவராஜ் பத்து எண்ணுனான். ஆர்ம் அடுத்த தகட்டுக்காக ஓரமா நின்னுச்சு. அவன் கேட்டுக்காக நின்னுச்சுன்னு நெனச்சான்."

"இருக்கட்டும் மேடம்," என்றார் திம்மராயன். "இந்தப் பையன் தப்பா எழுதியிருக்கான். அத மறைக்க இவனே மாத்தி, ஒயரயும் போட்டிருப்பான்."

ஹரீஷ்குமார் தலை நிமிர்ந்தான்.

"ஒயர நீங்க கண்டுபிடிச்சது 7.10. இவர் கம்பெனிக்குள்ள வந்தது 9.30," என்றாள் வினோதா. "அதைவிட இன்னொண்ணு. இவர் மறைச்சிருந்தா மொதல்ல தன்னோட பைலத்தான் அழிச்சிருப்பாரு. அழிக்கல. அது ரெண்டு மணிக்குக் கூட ரிப்போர்ட் அனுப்புச்சு. மறைச்சவர் லேடர மட்டும் சுத்தமா பழையபடி வெச்சிட்டு, பைத்தான அப்படியே விட்டுட்டாரு. ஏன்னா அவருக்குப் படிக்கத் தெரிஞ்சது லேடர் மட்டும்தான்."

வினோதா நோட்டைப் புரட்டினாள்.

"புது லேடர் ஏத்துனா டை கவுண்ட் அழிஞ்சிடும். 6.20-க்கு சரிதா அத எழுதியிருக்கா, முப்பத்தெட்டாயிரத்தி நானூத்தி பதினாறு. நான் வந்து பாக்கறப்ப பூஜ்யம். அந்த நேரத்துக்குள்ள யாரோ ஏத்தியிருக்காங்க. இந்தக் கம்பெனில லேடர் படிக்கத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர். ஒருத்தர் 6.14-ல இருந்து சிவராஜ் தலைய மடியில வெச்சிருந்தாரு."

அவள் சுவரில் இருந்த ஒயர்மேன் லைசென்ஸைப் பார்த்தாள். பிறகு அவர் இடுப்பைப் பார்த்தாள்.

"பீரோவ தொறங்க."

திம்மராயன் எழுந்தார். அப்புறம் சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். லேப்டாப்பை சென்னம்மா எடுத்தாள். கடைசியாக மிஷினில் ஏற்றிய நேரம் அதிலேயே இருந்தது: இன்று காலை 6.52. அதற்கு முந்தையது இரண்டு மாதத்துக்கு முன்னால்.

"முந்நூறு குடும்பம் மேடம்," என்றார். குரல் உயரவில்லை. "இப்பிடி ஒண்ணு வெளிய தெரிஞ்சா ஆர்டர் குடுக்கறவன் மறுநாளே நிறுத்திடுவான். ஒரு எலக்ட்ரீஷியன்னா கேஸு ஓடும், வக்கீல் வெச்சி வெளிய எடுத்துக்கலாம்னு..."

"பாய்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் சென்னம்மா. "நீ உள்ள போறியான்னு?"

திம்மராயன் திறந்த பீரோவைப் பார்த்தார். "சிவராஜ் எங்க ஊர்ப் பக்கம். அவன இங்க சேத்துவுட்டதே நாந்தான்."

"தெரியும்," என்றாள் வினோதா. "அவங்க அப்பா ஸ்டேஷன்ல சொன்னாரு. உங்களப் பத்தி நல்லவிதமாத்தான் சொன்னாரு."

ஹரீஷ்குமார் மெதுவாகக் கேட்டான்: "எனக்கு என்ன மேடம்?"

"நீங்க மறைக்கல. ஆனா எழுதுனது நீங்க. ரெண்டையும் எழுதுவேன். நீங்களும் வாங்க."

*

பிற்பகல் 3.40.

முனவர் பேகம் அதே பெஞ்சில் இருந்தாள். கரீம் வெளியே வந்தார். சென்னம்மா பையை வாங்கிச் சட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அங்கேயே, தூணுக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொண்டார். கழற்றியதை சென்னம்மா கவரில் போட்டு, சீட்டு ஒட்டினாள்.

"வூட்டுக்குப் போலாம் வாங்க," என்றாள் முனவர் பேகம்.

"நீ போ. நானு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரன். போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சிருக்கும். அவங்கப்பன் தனியா நிப்பாரு." பிறகு வினோதாவைப் பார்த்துக் கேட்டார். "மிஷின்ல இப்ப பழைய லேடர்தான இருக்கு?"

"ஆமா."

"அது அப்படியே இருக்கட்டும் மேடம். எவனையும் தொட வுடாதீங்க."

இரண்டு பேரும் ரோட்டுக்கு வந்து வேறு வேறு பக்கம் ஆட்டோ பிடித்தார்கள்.

வினோதா உட்கார்ந்து முதல் தகவல் அறிக்கையில் திருத்த வேண்டியதை எழுதினாள். கரீமின் பெயர் இருந்த இடத்தில் திம்மராயனின் பெயர் வந்தது. இறந்தவர் கேட்டைத் திறந்துவிட்டு ஆர்ம் நிற்கக் காத்திருந்த பிறகே உள்ளே போனார் என்று ஒரு வாக்கியம் சேர்த்தாள். சான்றுகளின் வரிசை எழுதினாள். சிவப்பு ஒயர் ஒன்று, ஏழு அங்குலம், புதியது. லேப்டாப் ஒன்று. டை கவுண்ட் ரிஜிஸ்டர் ஒன்று. கடைசியாக, ஹரீஷ்குமாரின் பைத்தான் அன்று காலை 6.02.47-க்கு எம்.டி.க்கு அனுப்பிய மெயில், அச்சிட்ட தாள் ஒன்று.

சென்னம்மா அந்தத் தாளை எடுத்து வாசித்தாள்.

மூன்றாம் ஷிப்ட். பிரஸ் 4. ஆபரேட்டர்: சிவராஜ். உற்பத்தி: 1,460. கேட் திறந்ததால் லைன் நின்ற நேரம்: 0 நிமிடம்.